மிஸ் வருகிற நாள்களில் தெளியும் தண்ணீர்

"தட்டு தெரியுதோ, தங்கச்சி?"

முதல் நாள் யதுர்சிகா மிஸ் ஃபஸ்னாவிடம் கேட்ட கேள்வி அதுதான். கேட்டவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோணியின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபஸ்னாவும் எட்டிப் பார்த்தாள். சோற்றுப் பிங்கான் அளவில் ஒரு வட்டத் தகடு. நாலு பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியிருந்தது. அடியில் ஓர் ஈயக்கட்டி, மேலே கயிறு. கயிற்றில் சாணுக்குச் சாண் சிவப்பு நூலால் ஓர் அடையாளம். தட்டு இறங்க இறங்க அதன் வெள்ளை மஞ்சளாகி, பச்சையாகி, புகை பிடித்த சிம்னியைப் போல மங்கியது. ஆனாலும் தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"தலையாட்டினா எனக்கு எப்பிடித் தெரியும்? நான் தண்ணியை எல்லோ பாக்கிறன். வாயைத் திறந்து சொல்லும்."

"தெரியுது."

பின்னால் கம்பூன்றி நின்ற வாப்பா சிரித்துவிட்டார். "மிஸ், பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்கே ஏலாமப் போன வேல இது. நீங்க ஒரு சட்டிய எறக்கி இவளப் பேச வெச்சிட்டீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது ஃபஸ்னாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்வாங்கிலிருந்து யாரோ ஆடு மாதிரிக் கத்த, வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு அடுத்த நாளும் வயிற்றுவலி. அந்த வலி இன்னும் தீரவில்லை என்று உம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை பார்வைக்கு எளிதாகத்தான் இருந்தது. தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்ல மேலே இழுத்து, மறுபடி தெரிகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு ஆழத்துக்கும் சராசரி எவ்வளவோ, அதுதான் அந்த இடத்துத் தண்ணீரின் தெளிவு. வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில், தோணியின் நிழல் விழுகிற பக்கத்தில் பார்க்க வேண்டும். ஒருவருடைய கண்ணை மட்டும் நம்பக்கூடாது, இரண்டாம் ஆளும் பார்க்க வேண்டும் என்றார் மிஸ். அப்படித்தான் ஃபஸ்னாவின் கண்களுக்கு ஒரு வேலை கிடைத்தது.

மிஸ் எதற்காக வந்தார் என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். களப்பு என்று ஊரார் சொல்கிற முந்தல் ஏரியின் வடக்குக் கரையில் ஓர் இறால் பண்ணை இருந்தது. அது தன் குளங்களின் கழிவுத் தண்ணீரை ஒரு வாய்க்கால் வழியே ஏரிக்குள் விட்டது. இப்போது இரண்டாவது வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்டிருந்தது. அது வந்து விழப்போகிற இடம் சின்னக்குடா. வாப்பா சாஹுல் ஹமீது வலை போடுகிற இடமும் சின்னக்குடாதான். இப்போதுள்ள வாய்க்காலடியில் சில மாதங்கள் தண்ணீரை அளந்து பார்ப்போம், கலங்கலாக இருந்தால் இரண்டாவதற்கு இடமில்லை, தெளிவாக இருந்தால் வெட்டிக்கொள்ளட்டும் என்று கொழும்பில் முடிவாகி, அளக்க மிஸ்ஸை அனுப்பியிருந்தார்கள். வெட்டிவிட்டால் வாப்பாவுக்குக் களப்பு இல்லை. கற்பிட்டிக்குப் போய் யாருடைய கடல் வள்ளத்திலாவது ஏற வேண்டியதுதான். முழங்கால் வீங்கிய மனிதர் அலையில் எவ்வளவு காலம் நிற்பார் என்பதை நினைக்கவே ஃபஸ்னாவுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு வாய்க்கால் வாயில் தட்டு கிட்டத்தட்ட அடிச்சேறு வரைக்கும் தெரிந்தது.

"பரவாயில்லையே, நல்ல தெளிவு," என்று மிஸ் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

வாப்பா கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபஸ்னா அவரைப் பார்த்தாள். முந்தாநாள் இதே இடத்தில் தண்ணீர் பச்சைக் கஞ்சியாக நின்றது. வலையில் ஒட்டிய வழுவழுப்பைக் கழுவ உம்மா அரைக்கட்டிச் சவுக்காரத்தைத் தீர்த்தாள். அது வாப்பாவுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்?

கரைக்கு வந்தபோது உம்மா மிஸ்ஸை விடவில்லை. வெயிலில் நின்ற பிள்ளை வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் உட்காரவைத்தாள். இறால் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். மிஸ் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதமும் மிஸ் வந்தார். அன்றும் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அவர் போன மறுநாள் மறுபடி கஞ்சி.

கரையில் கதை கிளம்பியது. பக்கத்துத் தோணிக்காரர் இன்னாசிப்பிள்ளை, மிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கேட்டார், "மிஸ், தட்டு இருக்கு. சோறு எங்க?" எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். அவர் போன பிறகு இன்னாசிப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சாஹுல் நானா, இந்தப் பிள்ள யாருட ஆள்? பண்ணக்காரன்ட வாகனத்தில வந்து எறங்கினதாக் கதைக்கிறாங்க."

"பஸ்ஸுலதான் வந்தாங்க. நான்தானே சந்தியில போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"சந்திக்கு முந்தி எதில வந்தா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அந்தக் கேள்வி ஃபஸ்னாவின் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை அவள் தண்ணீரைப் பார்த்ததை விட மிஸ்ஸைத்தான் அதிகம் பார்த்தாள். களப்பு நடுவில் மிஸ்ஸுக்கு ஓர் அழைப்பு வந்தது. சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி, என்று சொல்லிச் சிரித்தார். யாரோடு சிரிக்கிறார்? கயிற்றின் அடையாளங்கள் உண்மையிலேயே சாண் அளவுதானா? தட்டில் ஏதும் மினுக்கம் பூசியிருக்கிறதா? மிஸ் முகம் கழுவக் குனிந்த நேரத்தில் ஃபஸ்னா கயிற்றின் மீது தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்கு மேலும் சந்தேகமாக இருந்தது.

வீட்டில் உம்மா கைவிட்ட ஓர் எனாமல் கோப்பை கிடந்தது. விளிம்பு துருவேறினாலும் நடு வெள்ளை போகவில்லை. ஃபஸ்னா அதில் ஆணியால் துளை போட்டு, வலைக்கயிற்றைக் கட்டி, அடியில் ஒரு கல்லையும் தொங்கவிட்டாள். மிஸ் வராத ஒரு நாள் வாப்பாவோடு தோணியில் போனாள். அவர் முன்பக்கம் வலையை இழுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாய்க்கால் வாயில் கோப்பையை இறக்கினாள். ஒரு சாண் போனது. இரண்டாவது சாணை எட்டுவதற்குள் கோப்பையைக் காணவில்லை.

மிஸ் வந்து அளந்த நாளில், அவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே கோப்பையைப் பின்பக்கத்திலிருந்து இறக்கினாள். அடி வரைக்கும் தெரிந்தது.

அப்படியானால் மிஸ் பொய் சொல்லவில்லை. தட்டும் பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான் பொய் சொல்கிறது. மிஸ் எந்த நாளில் வருகிறார் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பண்ணைக்காரர்கள் மதகில் பலகை போட்டுக் கழிவை மறித்துவிடுகிறார்கள். மறுநாள் உச்சி வெயிலுக்குள் சேறு படிந்து தண்ணீர் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

யார் சொல்கிறார்கள்?

தோணி சும்மா இருக்க வேண்டும் என்பதற்காக மிஸ் இரண்டு நாள் முன்னதாகவே வாப்பாவுக்கு அழைப்பார். வேறு யாருக்கும் சொல்வதில்லை. இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். தான் சொல்லவில்லை. உம்மாவுக்குத் தொலைபேசியும் இல்லை, வேலிக்கு வெளியே வேலையும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அதை நினைத்ததும் ஃபஸ்னாவுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. ஆனால் ஒரு முறை நினைத்துவிட்டால் கண் அதையே தேடுகிறது. மிஸ்ஸின் அழைப்பு வந்த நாள் பின்னேரங்களில் வாப்பா, "சந்திக்குப் போயிட்டு வாறேன்," என்று கிளம்பிப் போனார். சந்தி தெற்கே. அவர் திரும்பி வந்ததோ வடக்கிலிருந்து. கையில் பாணோ வேறு கடைச் சாமானோ இல்லை. சாரன் முழங்கால் வரை சேறு. ஒரு நாள் அவள் விறகு பொறுக்குகிற சாட்டில் பின்னாலேயே போனாள். பண்ணை வேலியடியில் காவல்காரனோடு நின்று வாப்பா பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவன் ஏதோ சொல்ல, இவர் அவன் தோளில் தட்டிச் சிரித்தார்.

என்ன தருவதாகச் சொல்லியிருப்பார்கள்? அதற்கும் அவளே ஒரு பதில் கண்டுபிடித்தாள். கலியாணம் கட்டிப்போன அவளுடைய அக்கா, ஸம்ஹா ராத்தாவின் மாப்பிள்ளை ஸஜீத் அந்தப் பண்ணையில்தான் மேற்பார்வை வேலை பார்த்தார். மாமனாருக்கு ஒரு காவல் வேலை வாங்கிக் கொடுப்பது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. கதிரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, வீங்கிய முழங்காலுக்கு ஏற்ற வேலை. களப்பை விற்றுவிட்டு வாப்பா கதிரை வாங்குகிறார்.

அடுத்த மாதம் மிஸ் தோணியில் ஏறியபோதே சொன்னார். "இன்னும் ஒரு தரம்தான் வருவன். அதோட என்ர வேலை முடிஞ்சுது. இப்பிடியே இருந்தா வாய்க்காலுக்குத் தடை சொல்ல ஒண்டும் இல்லை."

வாப்பா கம்பை ஊன்றினார். ஃபஸ்னா நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள். வாய்க்கால் வாய் வந்தது, தட்டு இறங்கியது, தெரிந்தது, தெரிந்துகொண்டே இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. மிஸ்ஸின் காதருகே குனிந்தாள்.

"மிஸ், அடுத்த முற சொல்லாம வாங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. வாப்பாக்கும் சொல்லாதீங்க."

மிஸ் நிமிர்ந்தார். வவுனியாப் பக்கமிருந்து சண்டைக் காலத்தில் வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை அவர். இரகசியம் பேசத் தெரியாத குரல். "ஏன், வாப்பாவுக்கும் சொல்லக்கூடாதோ? அவரோ பண்ணைக்காரருக்குச் சொல்லிக் குடுக்கிறார்?"

களப்பில் காற்று இல்லை. கம்பு தண்ணீருக்குள் நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். பிறகு வாப்பா கம்பை மேலே இழுத்து, மறுபடி ஊன்றித் தோணியைக் கரைப்பக்கம் திருப்பினார். ஃபஸ்னா அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதுகு எரிந்தது.

அன்றைக்கும் உம்மா மிஸ்ஸை உட்காரவைத்தாள். வாப்பா எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. மிஸ் ஆணத்திலிருந்து ஓர் இறாலை எடுத்துப் பார்த்தார்.

"நானா, இதெல்லாம் ஒரே அளவாய் இருக்கே. களப்பில இப்பவும் இப்பிடிப் படுதோ?"

"களப்புலயா?" வாப்பா ஒரு மாதிரிச் சிரித்தார். "களப்புல இப்ப எறால்ட மீசயக் கூடக் காணக் கெடைக்காது மிஸ்."

குசினி வாசலில் நின்ற உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அது மருமகன் கொண்டு வாறது. மிஸ் வாறாங்க எண்டு சொல்லிட்டாப் போதும், பண்ணையில வல வீசி நல்லதாப் பார்த்து எடுத்திட்டு வந்திருவாரு. ஒரு முறையாவது தவற விடல்ல. வீட்டுக்கு வாற ஆளுக்குக் கருவாடா போடுறது?"

மிஸ்ஸின் விரல்கள் சோற்றில் அப்படியே நின்றன. "அவருக்கு எப்ப சொல்லுவீங்கள் அம்மா?"

"நீங்க கோல் எடுத்த அண்டைக்கே. வேலையால வரக்குள்ள இந்தப் பாதையாலதானே போவாரு."

ஃபஸ்னா தன் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்த இறாலை உரித்துக் கழுவிக் கொடுத்தவள் அவள்தான். ஒரே அளவான, வகுப்பில் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் மாதிரியான இறால். கோப்பையில் துளை போட்டாள், கயிற்றை அளந்தாள், வாப்பாவின் பின்னாலேயே நடந்தாள். உரித்த இறால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

உம்மா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாப்பா எழுந்து கை கழுவினார். துவாயில் கையைத் துடைத்தபடி மிஸ்ஸிடம் பேசினார். ஃபஸ்னா அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கும் சந்தேகம்தான் மிஸ். தண்ணி எப்பிடி உங்களக் கண்டா மட்டும் தெளியுது? அதான் வாச்சர்ட பீடியக் குடிச்சிக் குடிச்சி மதகப் பார்த்திட்டு இருந்தேன். பலக விழுறது கண்டேன். யார் சொல்லுற எண்டு மட்டும் எனக்கு வெளங்கல்ல. கையில சாட்சி இல்லாம உங்களுக்கு என்னத்தச் சொல்லுற?" துவாயைக் கொடியில் போட்டார். "வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம் வாங்க. நாங்க எல்லாரும் பள்ளியில. மத்தாக்களும் அந்நேரம் தோணி எறக்கிறல்ல, களப்புல ஒண்டும் இரிக்காது. அப்பதான் எல்லாப் பலகையும் எடுப்பானுகள்."

"தோணி ஆர் தள்ளுறது?"

"அவ தள்ளுவா," என்றார் வாப்பா, சுவரைப் பார்த்து.

மிஸ் போன பிறகு ஃபஸ்னா குசினிக்குள் வந்தாள். உம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"உம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"மொத தரம் அல்லாஹ் மேல சத்தியமாத் தெரியா. ரெண்டாந் தரம் அவரே கேட்டாரு, 'மாமி, மிஸ் திரும்ப எப்ப வாறாங்க' எண்டு. எறாலுக்குத்தான் கேக்குறாரு எண்டு நெனச்சேன்."

"பொறகு?"

"பொறகும் நெனச்சிட்டே இருந்தேன். எறாலுக்குத்தான் எண்டு."

சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "ஒண்ட ராத்தாக்கு இது ஏழாம் மாசம். அந்த வேல போச்செண்டா ஸஜீத் கட்டாருக்குத்தான் போகணும். புள்ளட மொகத்தக் காணாமப் போவாரு. நீ களப்பப் பாரு, ஒண்ட வாப்பாவும் களப்பப் பார்க்கட்டும். நான் அவளத்தானே பார்க்கணும்."

அன்றிலிருந்து ஃபஸ்னாவுக்கு வீட்டுக்குள்ளேயே காவல் வேலை. வெள்ளிக்கிழமை என்று வாப்பா சொன்னபோது உம்மா தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். கேட்டிருக்கமாட்டாள். அல்லது கேட்டுவிட்டு வாளியைச் சத்தமாக வைத்தாளா? உம்மா வேலிப் பக்கம் போனால் ஃபஸ்னாவும் துணி காயப்போடப் போனாள். உம்மா இருமினால் கூட அது யாருக்கோ ஒரு சைகையாக அவளுக்குப் பட்டது. வாப்பா அவளிடம் பேசவில்லை. "சோறு போடு" என்பதைக் கூட உம்மாவிடம்தான் சொன்னார்.

புதன்கிழமை பின்னேரம் ஸஜீத் மச்சான் ராத்தாவையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஃபஸ்னா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"மாமி, மிஸ் இன்னும் கோல் எடுக்கல்லயா?"

"இல்லயே மகன். எடுத்தாச் சொல்லுவேன்தானே."

உம்மாவின் குரலில் ஒன்றும் இல்லை. தெரிந்து மறைக்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ராத்தா உள்ளே வந்து திரையை விலக்கினாள். "இஞ்சயா ஒளிஞ்சிட்டு நிக்கிற, பூன! கையத் தா." ஃபஸ்னாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மீது வைத்தாள். "ம்... இப்ப பாரு. அடிக்குது. உன்னக் கண்டாத்தான் இந்த ஆட்டம். ஒண்ட மச்சான் கைய வெச்சா அசையாமப் படுத்திரும்." அவள் வாய் நிறையச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று ஃபஸ்னாவுக்குத் தோன்றியது. பிறகு, தெரிந்துதான் கையைப் பிடித்து வைத்திருக்கிறாளோ என்றும் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வாப்பா குளித்து, வெள்ளைச் சாரன் கட்டி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வழக்கத்தை விட முந்திப் பள்ளிக்குப் போனார். போகும்போது கம்பைத் தோணிக்குள் குறுக்காக வைத்துவிட்டுப் போனார். மிஸ் சந்திக்கு வராமல் தென்னந்தோட்டத்துக்குள்ளால் நடந்து வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். உம்மா தொழுகைப் பாயில் இருந்தாள். தோணி மணலில் உரசுகிற சத்தத்துக்கு அவள் எழுந்து வரவில்லை.

கம்பு ஃபஸ்னா நினைத்ததை விடக் கனமாக இருந்தது. முதல் ஊன்றலிலேயே தோணி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

"விழுத்திப் போடாதேயும் தாயே, எனக்கு நீந்தத் தெரியாது," என்றார் மிஸ்.

"இடுப்பளவு தண்ணிதான் மிஸ்."

"இடுப்பளவில செத்தவையும் இருக்கினம்."

களப்பில் வேறு தோணி இல்லை. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா ஓதுவது தண்ணீருக்கு மேலால் கேட்டது. வாய்க்கால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே அதன் நாற்றம் வந்தது. கிட்டப் போனால் மதகில் ஒரு பலகை கூட இல்லை. கழிவு நுரைத்துக்கொண்டு, பச்சையும் மண்ணிறமுமாக, இரைச்சலோடு ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

மிஸ் தட்டை இறக்கினார். வெள்ளையும் கறுப்பும் தண்ணீரைத் தொட்டதும் ஒன்றாகக் குழைந்தன. முதல் சிவப்பு நூல் நனைந்ததும் தட்டைக் காணவில்லை.

"தெரியுதோ?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல மிஸ். இப்ப... இப்ப தெரியுது. இப்பதான்."

மூன்று இடத்தில் அளந்தார்கள். ஒவ்வொன்றிலும் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். நுரையையும் மதகையும் மிஸ் தொலைபேசியில் படம் பிடித்தார். அப்போதுதான் மதகின் மேல் ஆள் அசைந்தது. ஸஜீத் மச்சான். ஜும்ஆவுக்குப் போகாமல், ஒரு பலகையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். அதைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாத நிற்பு.

"ஃபஸ்னா! யார் சொல்லி வந்த? மாமிக்கித் தெரியுமா?"

அவள் கம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியா மச்சான்! நானாத்தான் வந்தேன்!"

அவளுடைய குரல் தண்ணீர் இரைச்சலைத் தாண்டி மறுகரைக்குப் போய்த் திரும்பியது. இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. ஸஜீத் பலகையைக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது மிஸ் சொன்னார். "இது போதும். அந்த வாய்க்கால் வெட்ட இனி ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம். முந்தி எடுத்த அளவுகள் ஏன் அப்பிடி வந்தது எண்டும் நான் சொல்லத்தான் வேணும். உங்கட வீட்டுப் பேர் சொல்லமாட்டன்." ஃபஸ்னா கம்பை ஊன்றினாள். மச்சானின் பேர் எந்த வீட்டுப் பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கரையில் வாப்பா நின்றார். தொப்பியைக் கூடக் கழற்றாமல், வெள்ளைச் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து தோணியின் மூக்கைப் பிடித்தார். மிஸ்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஃபஸ்னாவின் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

"கம்பு கனமா?"

"கொஞ்சம் வாப்பா." பிறகு, அவர் திரும்பப் போகிறார் என்று தெரிந்ததும் அவசரமாகச் சொன்னாள். "நான் உங்களத்தான் நெனச்சேன். நீங்கதான் சொல்லுற எண்டு."

"தெரியும்," என்றார் வாப்பா. "நான் ஒண்ட உம்மாவத்தான் நெனச்சேன். அதான் வாய மூடிட்டு இருந்தேன்."

உம்மா அன்றைக்கு இறால் சமைக்கவில்லை. மிஸ் சாப்பிடவும் இல்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே தோட்டத்துக்குள்ளால் போனார்.

அஸர் தொழுது முடித்த நேரம் வாப்பாவின் தொலைபேசி அடித்தது. அவர் நின்றபடியே கேட்டார். "ம்" என்றார். இன்னொரு "ம்" சொன்னார். வைத்துவிட்டு, "மிஸ் வாறத முந்திச் சொல்லல்லயெண்டு ஸஜீத்த வேலையால நிப்பாட்டிட்டாங்களாம்," என்றார். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபஸ்னாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு த்ரீவீல் வந்து வேலியடியில் நின்றது. ராத்தா தனியாக இறங்கினாள். எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று ஓட்டுநருக்குக் கையால் காட்டினாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி, யாரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து உள்ளே போனாள். உம்மா பின்னாலேயே ஓடினாள்.

"மகள், இரிம்மா. ஒரு பிளேன்டி குடி. மூச்சு வாங்குது உனக்கு."

ராத்தா அலுமாரியைத் திறந்தாள். பிரசவத்துக்கு இங்கே வந்து இருப்பதற்காக உம்மா பழைய துணியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதையும், குழந்தைக்கென்று தைத்த சின்னச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் போட்டு, ஒரு பெட்சீட்டில் மூட்டையாகக் கட்டினாள்.

"மொதப் புள்ள உம்மாட வீட்டுலதானே பொறக்கணும். அங்க யாரு உன்னப் பார்ப்பா? ஸஜீத்தோட நான் பேசுறேன். நான்தானே சொன்னேன், நான்தானே நிப்பாட்டல்ல, என்ன ஏசு மகள்." உம்மா மூட்டையைப் பிடித்து இழுத்தாள். ராத்தா அவளுடைய விரல்களைப் பிரித்து விட்டாள்.

வாப்பா வாசலில் நின்றார். "த்ரீவீல்காரன நான் போகச் சொல்லுறேன். நீ இரி," என்றார். அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் வழி விடும் வரைக்கும் நின்றாள். கடைசியில் அவர்தான் ஒதுங்கினார்.

ஃபஸ்னா படியடியில் இருந்தாள். "ராத்தா," என்றாள். அந்தக் கரையெல்லாம் கேட்ட குரல் இப்போது வரவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது. ராத்தா அவளைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை இவள் யார் என்று கணிக்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு மூட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, முற்றத்தில் இறங்கி நடந்து, த்ரீவீலில் ஏறினாள்.